நோய்க்குப் பிறகு வீடு: பிஎஃப் பணத்தை எந்த வரிசையில் எடுப்பது

சேலத்தில் ஒரு தனியார் ஆலையின் சம்பளக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் மேசைக்கு வரும் கேள்விகளில் ஒன்று கொஞ்ச காலமாக அடிக்கடி வருகிறது. "அவருக்குப் பக்கவாதம் வந்துடுச்சுங்க. மாடி வீட்டுல ஏற முடியலை. பிஎஃப் பணத்தை எடுத்துக் கீழ் வீடா ஒண்ணு பார்த்துக்கலாமா?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளியாக இருக்க மாட்டார். மனைவியாகவோ, கல்லூரி முடித்த மகனாகவோ இருப்பார். பிஎஃப் பாஸ்புக்கையே அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்திருப்பார்.

எடுக்கலாம். ஆனால் எதை முதலில் எடுப்பது, எதை அப்புறம் எடுப்பது என்ற வரிசை தவறினால் லட்சக்கணக்கில் இழப்பு வரும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில்: வேலையை விடாதீர்கள்

"ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா மொத்தப் பணமும் வந்துடுமாமே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டு அவசரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். பணியில் இருக்கும் பிஎஃப் உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு இடிஎல்ஐ என்ற காப்பீட்டுத் தொகை உண்டு. அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். இதற்காகத் தொழிலாளி தனியாக ஒரு பைசா கட்டுவதில்லை, அதனால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இதய நோயோ புற்றுநோயோ வந்தவருக்குப் புதிதாக ஆயுள் காப்பீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை யோசித்துப் பாருங்கள். கையில் இருப்பதை நாமே தூக்கிப் போடக் கூடாது.

சம்பளம் வராவிட்டாலும் பரவாயில்லை, பெயர் பதிவேட்டில் இருக்கட்டும். விடுப்புக் கடிதமும் மருத்துவச் சான்றும் கொடுத்து, அலுவலகத்தில் பேசிப் பாருங்கள். அரசு நிறுவன ஊழியர் என்றால் நிலைமை இன்னும் வலுவானது. பணியின்போது ஊனமடைந்தவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

இரண்டாவது: மருத்துவச் செலவை வேறு இடத்திலிருந்து எடுங்கள்

பிஎஃப் பணத்தைத் தொடும் முன் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருப்பார்கள். சிகிச்சை மட்டும்தான் அதில் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நோய்க்கால உதவியாகச் சராசரி தினக்கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை பணமாகவே கிடைக்கும். பக்கவாதம், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு இது 80 விழுக்காடாக உயர்ந்து, இரண்டு ஆண்டு வரை நீளும். அதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டின் நான்கு அரையாண்டுச் சந்தா காலங்களில் 156 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். இந்தப் பணம் மாதாமாதம் வந்தால் வீட்டு வாடகை ஓடும். பிஎஃப்பை உடைக்க வேண்டிய அவசரமே பாதி குறைந்துவிடும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் வரை தாங்கும். நம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதாவது ஜிஎச், இதில் உண்டு. நோயாளி 70 வயதைத் தாண்டிய அப்பாவோ அம்மாவோ என்றால் வருமானமே கேட்காமல் ஆயுஷ்மான் திட்டத்தில் 5 லட்சம் வரை பெறலாம். மருத்துவமனையில் சேர்ந்த அன்றே காப்பீட்டு மேசையில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி பில் கட்டிய பிறகு கேட்டால் பலன் இருக்காது.

மூன்றாவது: பாஸ்புக்கை ஒழுங்காகப் படியுங்கள்

யுஏஎன் என்ற பிஎஃப் உறுப்பினர் எண்ணை வைத்து, பிஎஃப்பை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓவின் இணையதளத்திலோ உமங் செயலியிலோ பாஸ்புக்கைத் திறக்கலாம். அதில் மூன்று நெடுவரிசை இருக்கும்: தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியப் பங்கு. வீட்டுக்கும் நோய்க்கும் எடுக்க முடிவது முதல் இரண்டிலிருந்துதான்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000 ரூபாய் வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் மாதம் 2,160 பிடிப்பார்கள். முதலாளியும் 2,160 போடுவார். ஆனால் முதலாளி போடுவதில் 1,250 ஓய்வூதியத்துக்குப் போய்விடும், பிஎஃப்பில் விழுவது 910 மட்டுமே. "ரெண்டு பேர் பங்கும் சேர்த்தா இவ்வளவு வரணுமே" என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு வந்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

பாஸ்புக்கில் இன்னொன்றையும் பாருங்கள். பழைய கம்பெனிகளின் கணக்குகள் தனித்தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றனவா? சேகோ ஆலையில் மூன்று வருடம், அப்புறம் நூற்பாலையில் நான்கு வருடம் என்று வேலை பார்த்தவருக்கு, பழைய கணக்கை மாற்றிச் சேர்த்தால்தான் பணிக்காலம் ஏழு வருடமாகத் தெரியும். படிவம் 13 மூலம் இணையத்திலேயே மாற்றலாம். பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும்.

ஆதாரில் ஒரு பெயர், பான் அட்டையில் ஒரு பெயர், பிஎஃப்பில் தகப்பனார் முதலெழுத்து வேறு இடத்தில். நம் ஊரில் இது பாதிப் பேருக்கு உண்டு. விண்ணப்பம் திரும்புவதற்கு முதல் காரணமும் இதுதான். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இப்போதும் நோயாளியிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

நான்காவது: நோய்க்கான முன்பணம்

பிஎஃப் திட்டத்தில் பல வருடங்களாக வழக்கத்தில் இருக்கும் விதி 68ஜே (இந்த விதிகள் மாறுவதைப் பின்னால் சொல்கிறேன்). இதற்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் கிடையாது. ஆறு மாதச் சம்பளம் அல்லது தொழிலாளி பங்கு, வட்டியோடு. இரண்டில் எது குறைவோ அது. மேலே சொன்ன 18,000 கணக்கில் 1,08,000 ரூபாய். பெரிய அறுவை சிகிச்சை, பக்கவாதம், புற்றுநோய், இதய நோய், காசநோய், மனநலக் கோளாறு எல்லாம் இதில் வரும். உறுப்பினருக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தாருக்கும் எடுக்கலாம். டாக்டர் சான்று இணைக்கத் தேவையில்லை, சுய அறிவிப்பு போதும். 5 லட்சம் வரையிலான முன்பணம் தானியங்கி முறையில் மூன்று நாளில் தீர்வாகும் என்று 2025 ஜூனில் வரம்பை உயர்த்தினார்கள்.

இந்த முன்பணத்தை வீட்டுக்கு முன்பாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. இது சின்னத் தொகை, எளிதாக வரும், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வீட்டுக்கென்று பெரிய தொகையை எடுத்துவிட்டால் அடுத்த அறுவை சிகிச்சைக்குக் கணக்கில் ஒன்றும் மிஞ்சாது. நோய் ஒரு தடவையோடு நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

நடமாட்டம் குறைந்துபோனவர்களுக்கு 68என் என்ற விதி தனியாக இருக்கிறது. சக்கர நாற்காலி போன்ற கருவி வாங்க ஆறு மாதச் சம்பளம் வரை முன்பணம் கிடைக்கும், மருத்துவச் சான்று வேண்டும். இதைக் கேட்டு வருகிறவர்கள் அபூர்வம்.

ஐந்தாவது: வீட்டை உடம்பு தீர்மானிக்கட்டும்

புது வீடு வாங்குவதுதான் ஒரே வழி என்று ஏன் நினைக்க வேண்டும்? இருக்கும் வீட்டை மாற்றினால் போதுமா என்று முதலில் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான் வைப்பார்கள். சட்டம் போக உள்ளே இன்னும் குறையும், சக்கர நாற்காலி நுழையாது. சாய்தளம் வேண்டுமென்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. மழைநீர் உள்ளே வரக் கூடாது என்று இரண்டு அடி மேடை போட்டுக் கட்டிய வீட்டுக்கு 24 அடி சாய்தளம் வேண்டும். அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெருவை ஒட்டி வாசல் உள்ள பழைய வீடுகளில் அதற்கு இடமே இருக்காது. நின்ற இடத்தில் செங்குத்தாகச் சாய்தளம் போட்டுத் தரும் கொத்தனாரை நம்ப வேண்டாம். அதில் நாற்காலி ஏறாது, இறங்கும்போது ஆள் விழுவார்.

பழைய விதிகளில் வீட்டை மாற்றியமைக்கவும் பணம் உண்டு. வீடு கட்டி ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் 12 மாதச் சம்பளம் வரை, நம் கணக்கில் 2,16,000. கழிவறையை வெஸ்டர்னாக மாற்றி, கைப்பிடி வைத்து, கதவை அகலமாக்கி, படுக்கையறையைக் கீழே கொண்டுவர இது பல வீடுகளுக்குப் போதும். மாற்றினால் போதும் என்ற வீட்டை விட்டுவிட்டுப் புதிதாக வாங்க ஓடுவதை நான் ஆதரிப்பதில்லை. காரணம் வட்டி. 2024-25-க்கு பிஎஃப் வட்டி 8.25 விழுக்காடு. அந்த வட்டியே தொடர்ந்தால் இன்று எடுக்கும் 3 லட்சம், பன்னிரண்டு ஆண்டில் ஏறத்தாழ 7.75 லட்சமாக ஆகியிருக்கும் பணம். அதோடு பிஎஃப் கணக்கில் இருக்கும் பணத்தைக் கடன்காரர் யாரும் நீதிமன்றம் போய் ஜப்தி செய்ய முடியாது. சிகிச்சைக்காக நாலு பக்கம் கடன் வாங்கிய குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய காப்பு! வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும்.

வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவோ போக்கியத்துக்கு வீடு பிடிக்கவோ வீட்டு முன்பணம் கிடையாது. வாங்க, கட்ட, மாற்றியமைக்க, கடன் அடைக்க மட்டுமே. அப்படித் தேவைப்பட்டால் மருத்துவ பில்லை நோய் முன்பணத்தில் கட்டிவிட்டு, கையிருப்பை அட்வான்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் முதல் ஒரு வருடத்துக்குக் கீழ்த்தள வாடகை வீடுதான் என் யோசனை. பக்கவாதம் வந்தவர் ஆறு மாதத்தில் எழுந்து நடப்பதும் உண்டு, நிலைமை மோசமாவதும் உண்டு. எப்படிப்பட்ட வீடு தேவை என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

ஆறாவது: வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

68பி விதிப்படி ஐந்து ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். மனை வாங்க 24 மாதச் சம்பளம், வீடு வாங்கவோ கட்டவோ 36 மாதச் சம்பளம். 18,000 ரூபாய்க்கு இது முறையே 4,32,000, 6,48,000. இந்தத் தொகை, இரண்டு பங்கும் வட்டியும் சேர்ந்த இருப்பு, சொத்தின் விலை இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஏற்கெனவே வீட்டுக் கடன் இருந்தால் 68பிபி. அதற்குப் பத்து ஆண்டு வேண்டும், பணம் நேராகக் கடன் கொடுத்த வங்கிக்குப் போகும். கடன் வட்டிக்கும் பிஎஃப் வட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதபோது கடனை அடைப்பதால் கணக்கில் லாபம் குறைவுதான். ஆனாலும் சம்பளம் நின்றுபோன வீட்டில் இஎம்ஐ இல்லாமல் இருப்பது தனி நிம்மதி. அந்த நிலையில் இருப்பவரை நான் தடுப்பதில்லை.

சரி, இந்த விதிகளெல்லாம் மாறுகின்றன. 2025 அக்டோபர் 13 அன்று இபிஎஃப்ஓவின் மத்திய அறங்காவலர் குழு, இடையில் பணம் எடுப்பதற்கான 13 பிரிவுகளையும் மூன்றாகச் சுருக்க முடிவெடுத்தது: அத்தியாவசியத் தேவை, வீட்டுத் தேவை, சிறப்புச் சூழ்நிலை. நோய் முதலாவதில் வரும். பணிக்காலம் எல்லாவற்றுக்கும் 12 மாதம். முதலாளி பங்கையும் சேர்த்து எடுக்கலாம், ஆனால் 25 விழுக்காடு கணக்கிலேயே இருக்க வேண்டும். வேலையை விட்டபின் மொத்தமாக எடுக்கும் காத்திருப்பு இரண்டு மாதத்திலிருந்து 12 மாதமாகும் என்பதும் அதே முடிவில் உண்டு. ராஜினாமா யோசனை கொடுக்கும் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் அன்று போர்டலில் எந்தப் பட்டியல் திறக்கிறதோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள், என் 68-களை வைத்து அல்ல.

சொத்து யார் பெயரில் என்பதில்தான் நம் குடும்பங்கள் சிக்குகின்றன. உறுப்பினர் பெயர், அல்லது அவருடைய கணவன் அல்லது மனைவி பெயர், அல்லது இருவர் பெயரிலும் சேர்த்து. அவ்வளவுதான். அண்ணனோடு கூட்டாக வாங்குவதற்கும், அப்பா பெயரிலுள்ள வீட்டில் மேல்மாடி கட்டுவதற்கும் பணம் வராது. அப்பா வீட்டில்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் பாகத்தைத் தான செட்டில்மென்டாக எழுதி வாங்கிய பிறகு விண்ணப்பியுங்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 விழுக்காடு போகும் இடத்தில், குடும்பத்துக்குள் செட்டில்மென்டுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் நோயாளிக்குப் பரிதாபப்பட்டு இன்று எழுதிக் கொடுப்பதைத் தங்கை நாளைக்குக் கேள்வி கேட்பார். எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு எழுதுங்கள். 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை உண்டு, மனைவி பெயரில் வாங்க அதுவும் ஒரு காரணம்.

வில்லங்கச் சான்று, பட்டா, மனை அங்கீகாரம் மூன்றையும் பார்க்காமல் முன்தொகை கொடுக்க வேண்டாம். அயோத்தியாபட்டணம், கொண்டலாம்பட்டி என்று ஊரைச் சுற்றி மனை மலிவாகச் சொல்வார்கள். மலிவு என்பதற்காகப் பஸ் ஓடாத இடத்தில் வாங்கினால், பிசியோதெரபிக்கு வாரம் மூன்று தடவை ஆட்டோவுக்குக் கொடுத்தே தீர்ந்துவிடும். ஜிஎச்சுக்கும் வீட்டுக்கும் இடையிலான நேரத்தை, மாலை நேர நெரிசலில் ஒரு தடவை போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கட்டுவதாக இருந்தால் பணம் வந்து ஆறு மாதத்துக்குள் வேலை தொடங்க வேண்டும், கடைசித் தவணை வாங்கி 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். வாங்குவதற்கும் ஆறு மாதம். வேறு காரியத்துக்குச் செலவழித்தால் அபராத வட்டியோடு திரும்பக் கேட்கலாம். விண்ணப்பத்தில் ஆவணம் கேட்பதில்லை என்பதால் பலர் ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கிரயப் பத்திர நகலும் சிமென்ட், கம்பி பில்களும் ஒரு கோப்பில் இருக்கட்டும்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு

எஸ்டேட் தொழிலாளிகளின் கதை வேறு. எஸ்டேட் தரும் லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. காபித் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கு உடம்பு முடியாமல் போனால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகிற நிலை வரும். இவர்கள் பிஎஃப்போடு பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்கினால் வருவது பணிக்கொடை. ஊனத்தால் வேலை போனால் ஐந்து வருட நிபந்தனைகூடக் கிடையாது. 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பணிக்கொடை கைக்கு வரும்வரை லைன் வீட்டில் இருக்க நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

மலையிலேயே கட்டலாமா? ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகிறது, கட்டட அனுமதி சமவெளியைப் போல வேகமாக வராது. ஆறு மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்ற பிஎஃப் நிபந்தனையோடு இது மோதும். அனுமதி கைக்கு வந்த பிறகே பணத்துக்கு விண்ணப்பியுங்கள். டயாலிசிஸ் செய்பவராக இருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவை வாரத்துக்கு மூன்று தடவை இறங்கி ஏற வேண்டும், கனமழையில் மண் சரிந்தால் அதுவும் முடியாது. மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்பது உண்மைதான். ஆனால் அவசரம் என்றால் சேலம் முப்பது கிலோமீட்டர். கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டிப் பக்கம் வாடகைக்குப் பார்ப்பது மனசுக்கு ஒப்பாவிட்டாலும் முதல் இரண்டு வருடத்துக்கு அதுவே சரி.

இனி வேலைக்கே போக முடியாது என்றால்

அப்போதுதான் ராஜினாமா, அதுவும் சரியான காரணத்தோடு. நிரந்தரமாக, முழுமையாக உழைக்க முடியாமல் போனதால் ஓய்வு என்று மருத்துவச் சான்றோடு பதிவானால் காத்திருக்காமல் முழு பிஎஃப்பையும் பெறலாம். ஐந்து வருடத்துக்குக் குறைவான பணியாக இருந்தாலும், உடல்நலக் குறைவால் வேலை முடிந்தது என்றால் வருமான வரி விலக்கு உண்டு. "சொந்தக் காரணம்" என்று எழுதிவிட்டால் இரண்டும் சிக்கல். ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே நிரந்தர முழு இயலாமைக்கு மாத ஓய்வூதியம் உண்டு, படிவம் 10டி. குறைந்தபட்சம் 1,000 ரூபாய்தான். ஆனாலும் விடக்கூடாத பணம்.

மற்ற சேமிப்புகள்

பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) வைத்திருந்தால் ஐந்து ஆண்டு முடிந்தபின் உயிருக்கு ஆபத்தான நோய்ச் சிகிச்சைக்காகக் கணக்கையே முடிக்கலாம், வட்டியில் ஒரு விழுக்காடு குறைப்பார்கள். என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் மூன்று ஆண்டுக்குப் பிறகு, நீங்கள் கட்டிய தொகையில் 25 விழுக்காடு வரை வீட்டுக்கும் எடுக்கலாம், குறிப்பிட்ட நோய்களுக்கும் எடுக்கலாம்.

விண்ணப்பிக்கும் நாளில்

எல்லாம் சரியாக இருந்தால் வேலை பத்து நிமிடம்தான். யுஏஎன்னில் நுழைந்து, வங்கிக் கணக்கை உறுதி செய்து, படிவம் 31, காரணம், தொகை, ஓடிபி. காசோலைப் படம் ஏற்றும் நிபந்தனையை 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். கம்பெனி சொந்த பிஎஃப் டிரஸ்ட் வைத்திருந்தால் விண்ணப்பம் டிரஸ்டுக்குப் போக வேண்டும், இபிஎஃப்ஓவுக்கு அல்ல.

இதற்குக் கட்டணம் கிடையாது. "பத்து பர்சென்ட் கொடுங்க, நாளைக்கே போட்டுத் தர்றேன்" என்கிறவரிடம் ஓடிபியையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் கணக்கையே கொடுத்த மாதிரி. விண்ணப்பம் திரும்பி வந்தால் காரணத்தை வரி விடாமல் படியுங்கள், அதைச் சரிசெய்த பிறகே மறுபடி போடுங்கள். இருபது நாள் தாண்டியும் நகரவில்லை என்றால் இபிஎஃப்ஓ குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியலாம். சேலம் மண்டல அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் "நிதி ஆப்கே நிகட்" என்ற முகாம் நடக்கிறது. பாஸ்புக் அச்சு, ஆதார், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், திரும்பி வந்த விண்ணப்பத்தின் நகல் இவற்றோடு போங்கள். நோயாளியை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கையெழுத்திட்ட கடிதத்தோடு வீட்டில் ஒருவர் போய் விவரம் கேட்டு வரலாம்.

போர்டலில் இருக்கும்போதே வாரிசு நியமனப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட அம்மாவின் பெயரே பலருக்கு இன்னும் அதில் இருக்கிறது. மனைவி, பிள்ளைகள் பெயரைச் சேர்த்துவிட்டு வெளியே வாருங்கள்.